பெருக்கிப் பிறகு வகு

எங்கள் கரையில் கணக்குப் போட்டவர்களுக்கு, எதை முதலில் செய்வது என்ற சந்தேகம் ஒரு காலத்தில் வந்ததில்லை. கணக்கு அப்போது வாயில் இருந்தது, விரலில் இருந்தது, தரையில் சோழியாகக் கிடந்தது. கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் வகுத்தல் குறியும் ஒரே வரியில் வந்து நின்ற பிறகுதான் ‘முதலில் யார்?’ என்ற தகராறு தொடங்கியது. அந்தத் தகராறு எப்படி முளைத்தது, அதற்கு முன் இந்தப் பக்கத்தில் கணக்கு எப்படி நடந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

என் அப்பா மரக்காணம் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நான் அங்கிருந்து தெற்கே, ஆரோவிலை ஒட்டிய குயிலாப்பாளையத்தில் சாயங்கால வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். குயிலாப்பாளையம், இடையன்சாவடி, பொம்மையார்பாளையம் பிள்ளைகள் வருகிறார்கள். ஆரோவில் வாசிகளின் பிள்ளைகளும் சிலர் வருவார்கள். பலகையில் 24 ÷ 4 × 2 என்று எழுதினால் ஒரு பெஞ்சிலிருந்து 12, இன்னொரு பெஞ்சிலிருந்து 3. இரண்டு பெஞ்சும் தாங்கள் மனப்பாடம் செய்த விதியை உரக்கச் சொல்லும். நம் பிள்ளைகளுக்கு முன்பு ‘போட்மாஸ்’. தமிழ்நாட்டின் இப்போதைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ‘பிட்மாஸ்’. அமெரிக்கப் பாடம் படித்த பிள்ளைக்கு ‘பெம்டாஸ்’. முதல் இரண்டிலும் வகுத்தலின் எழுத்து முன்னால் நிற்கிறது, மூன்றாவதில் பெருக்கலின் எழுத்து முன்னால் நிற்கிறது. எழுத்து நின்ற இடத்தையே சட்டமாகப் பிடித்துக்கொண்டால் விடை பிளவுபடத்தான் செய்யும். உண்மையில் மூன்று விதியும் சொல்ல வந்தது ஒன்றே: பெருக்கலும் வகுத்தலும் ஒரே படியில் இருப்பவை, இடமிருந்து வலமாகப் போ, கூட்டலும் கழித்தலும் அப்படியே. ஆனால் ஐந்தாறு எழுத்தைக் கோத்த சுருக்கச் சொல்லில் ‘ஒரே படி’ என்பதைச் சொல்ல வழியில்லை. 10 − 4 + 3 என்று கொடுத்துப் பாருங்கள். ‘கூட்டல்தானே முன்னால்’ என்று 4ஐயும் 3ஐயும் கூட்டி, 10இல் கழித்து, 3 என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். சரியான விடை 9.

ஜெர்மன் பிள்ளைகளிடம் இருக்கும் விதி எனக்குப் பிடித்தது: புள்ளி முதலில், கோடு பிறகு. அங்கே பெருக்கலுக்கு ஒரு புள்ளி, வகுத்தலுக்கு இரண்டு புள்ளி. கூட்டலும் கழித்தலும் கோடுகள். அதில் எழுத்து வரிசை இல்லாததால் வகுத்தலா பெருக்கலா என்ற வம்பும் இல்லை.

இனி இந்த வகுப்பறையிலிருந்து சற்றுத் தெற்கே, பாண்டிச்சேரிக்குப் போவோம். 1768 மார்ச்சில் கியோம் லெ ஜந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் அங்கே வந்து இறங்கினார். சூரியனை வெள்ளிக் கோள் குறுக்கே கடப்பதைப் பார்க்க வந்தவர். 1761இல் முதல் வாய்ப்பு வந்தபோது பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. அவர் கடலில் மாட்டிக்கொண்டார். எட்டு வருடம் காத்திருந்து, இடிந்து கிடந்த கோட்டையின்மேல் ஒரு கூடம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிவிட்டது. அந்த மனிதருக்காக எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் பாண்டிச்சேரியில் இருந்த இரண்டு வருடத்தில் அவர் வேறொன்றைக் கற்றுக்கொண்டார்: தமிழர்களின் பஞ்சாங்கக் கணக்கு. பேனாவும் பென்சிலும் இல்லாமல், சோழிகளை மேசைமேலும் பெரும்பாலும் வெறுந்தரையிலும் அடுக்கி, இவர்கள் போடும் வேகத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். சோதித்தும் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகக் காட்டியது. அந்நாளில் ஐரோப்பாவில் பெயர்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி அதிகமாகக் காட்டியது.

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜான் வாரன். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர், 1830இல் பாண்டிச்சேரியில் இறந்தார். 1825இல் சென்னையில் அச்சான அவருடைய ‘கால சங்கலிதம்’ நம் காலக்கணக்கு முறைகளைப் பற்றிய பெரிய புத்தகம். பாண்டிச்சேரியில் குடியிருந்த ஒரு பஞ்சாங்கக்காரரை அவர் உட்காரவைத்து, 1825 மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்தைப் போடச் சொன்னார். பஞ்சாங்கக்காரர் தரையில் சோழி வைத்தார், சொல்லாகவும் அசையாகவும் நெட்டுருப் போட்டிருந்த அட்டவணைகளிலிருந்து எண்ணை எடுத்தார், போட்டு முடித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது. கோட்பாடு ஒன்றும் அறியாதவர், ஆனால் செய்கைகளை மனத்திலும் தரையிலும் தெளிவாக அடுக்கத் தக்க நினைவாற்றல் உடையவர் என்பது வாரன் தந்த மதிப்பீடு. 1952இல் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபாவர் இந்த நிகழ்ச்சியைத் தேடியெடுத்து, ‘தமிழ் வானியல்’ என்று கட்டுரையே எழுதினார்.

வாரனுடைய மதிப்பீட்டில் முதல் பாதியை நான் ஏற்கவில்லை. அந்தச் செய்கைகள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டனவோ, அந்த வரிசைக்குள்ளேயே கோட்பாடு இருக்கிறது. போட்டுப் பார்த்தால் தெரியும்.

நிலா சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் நகரும். அந்த வேகச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 27.55 நாள். முழு நாளாக வராத இந்த அளவை வைத்துக்கொண்டு சோழியில் கணக்குப் போட முடியாது. ஆகவே பல சுற்றுகளைச் சேர்த்து முழு நாளாக்கினார்கள். 9 சுற்றுக்கு 248 நாள், 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12372 நாள். நாளுக்கு ஒன்றாக 248 சந்திர வாக்கியங்கள் மனப்பாடமாக இருந்தன. ஒவ்வொன்றும் எழுத்துக்குள் எண்ணை ஒளித்த ஒரு சிறு தொடர். வகுக்கும் எண்களுக்கும் அப்படியே பெயர் உண்டு. தேவரம் என்றால் 248: தே 8, வ 4, ர 2, பின்னிருந்து படிக்க வேண்டும்.

இப்போது செய்முறை. கலியுகம் தொடங்கியதிலிருந்து கழிந்த நாள்களை எடு. அதில் 1600984ஐக் கழி; அந்த எண் 1282ஆம் ஆண்டில் வந்து விழும் ஒரு நாள். மீதியை 12372ஆல் வகு. அதன் மீதியை 3031ஆல் வகு. அதன் மீதியை 248ஆல் வகு. கடைசியில் மிஞ்சுவது எத்தனையாவது வாக்கியம் என்பது. ஈவுகள் ஒவ்வொன்றையும் அதற்கென்று வைத்த பாகையால் பெருக்கி, வாக்கியம் தரும் பாகையோடும் தொடக்கப் பாகையோடும் கூட்டு. கழித்தல், வகுத்தல், பெருக்கல், கூட்டல். நம் பிட்மாஸில் கடைசியில் நிற்கும் கழித்தல் இங்கே முதல் வேலை. ஏறத்தாழ 1300ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘வாக்கியகரணம்’ என்ற நூலில் இந்த முறை இருக்கிறது. அதை 1962இல் சென்னையில் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்தார்கள். இன்றும் வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்துத் திருவிழா வைக்கும் கோயில்கள் உண்டு.

எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தேதியை எடுத்துக்கொள்கிறேன்: ஆரோவில் தொடங்கிய 1968 பிப்ரவரி 28. அன்றைக்குக் கலியில் கழிந்த நாள் 1851449. கழித்தால் 250465. அதை 12372ஆல் வகுத்தால் ஈவு 20, மீதி 3025. 3031ஆல் வகுக்க ஈவு 0, மீதி அதே 3025. 248ஆல் வகுக்க ஈவு 12, மீதி 49. ஆகவே 49ஆம் வாக்கியம்.

வரிசையை மாற்றி, சிறிய எண்ணால் முதலில் வகுத்தால்? 250465ஐ 248ஆல் வகுக்க ஈவு 1009, மீதி 233. அதற்குமேல் பெரிய எண்களுக்கு வேலையில்லை. வாக்கியம் 233 என்று வந்துவிடும். நிலா தன் வேகச் சுற்றில் ஏறத்தாழ ஒன்பது நாள் தள்ளி நிற்கும். காரணம் எளிது. 9 சுற்று என்பது சரியாக 248 நாள் இல்லை, 13 நிமிடம்போலக் குறையும். பன்னிரண்டு தடவை அடுக்கினால் அந்தப் பிசகு இரண்டரை மணி நேரம். ஆயிரத்தொன்பது தடவை அடுக்கினால் ஒன்பது நாள். 12372 நாளும் 3031 நாளும் சுற்றோடு இன்னும் நெருங்கிப் பொருந்துபவை. பெரியதில் தொடங்கு, சிறியதைக் கொஞ்சமாகப் பயன்படுத்து என்பதுதான் அந்த வரிசை சொல்லும் செய்தி. தரையில் சோழி வைத்தவருக்கு அதன் நிரூபணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரிசையை வகுத்தவருக்குத் தெரிந்திருந்தது, அது சிதையாமல் ஐந்நூறு வருடம் கடந்து வந்தது. இதை வகுப்பில் போட்டுக் காட்டும்போது, ‘எதை முதலில் செய்வது’ என்பது பரீட்சைக்காரர் வைத்த சட்டம் என்று நினைத்திருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

வானத்துக் கணக்கு சிலருக்கு மட்டும் உரியது. ஊர்க் கணக்கு எல்லோருக்கும். சென்னை மாகாணத்துக் கலெக்டர்களிடம் விவரம் திரட்டி, 1826இல் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் இருப்பதாகச் சொல்கிறார். தமிழ்ப் பகுதியில் அவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். அங்கே எண்சுவடி. முந்திரி, காணி, மா, வீசம் என்று 320இல் ஒன்றிலிருந்து மேலே ஏறும் பின்ன வாய்ப்பாடு முழுவதையும் பிள்ளைகள் பாடியே மனத்தில் ஏற்றினார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பணிபுரிந்த செந்தில்பாபு, இந்தப் பள்ளிகளின் கணக்குப் பயிற்சியையும் அதைப் பயன்படுத்திய கணக்கர், தச்சர், நிலமளப்போர் உலகத்தையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம் கணித வரலாற்றை வீரப்பெருமை பேசாமல் எழுதியவர்களில் அவரை முக்கியமாகச் சொல்வேன்.

எண்சுவடிக்கு அடுத்த படி, காரிநாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’. அதில் எல்லோரும் வேடிக்கையாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. பலாப்பழத்தைப் பிளக்காமல் சுளையை எண்ணுவது. காம்பைச் சுற்றி இருக்கும் முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். சுளை எண்ணிக்கை உண்மையில் அப்படி வருமா என்பது இங்கே எனக்கு முக்கியமில்லை. பெருக்கல் முன்னால், வகுத்தல் பின்னால் என்ற வரிசையைக் கவனியுங்கள். முள் 73 என்றால், ஆறால் பெருக்க 438. ஐந்தால் வகுக்க 87, மிச்சம் 3. மாற்றிச் செய்தால், 73ஐ ஐந்தால் வகுக்க 14, மிச்சம் 3. மிச்சத்தை விட்டுவிட்டு 14ஐ ஆறால் பெருக்கினால் 84. மூன்று சுளை காணாமல் போயிற்று. பின்னத்தோடு முழுதாகச் செய்தால் இரண்டு வழியும் ஒன்றுதான், இரண்டிலும் 87⅗. ஆனால் படியும் மூட்டையும் சுளையும் எண்ணுகிறவர்கள் முழு எண்ணில் வேலை செய்கிறவர்கள். முதலில் வகுத்தால் மிச்சம் கையை விட்டு நழுவும். அந்த நழுவல் அடுத்த பெருக்கலில் பெரிதாகும். ஆரியபட்டர் 499இல் சொன்ன முத்தொகை விதியும் இதே வரிசைதான்: பலனை வேண்டியதால் பெருக்கி, அளவால் வகு. மூன்று படி பன்னிரண்டு ரூபாய் என்றால் ஏழு படி என்ன விலை என்று கேட்பதெல்லாம் அதற்குள் அடங்கும். அதே ஆரியபட்டர், விடையிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டுமானால் கடைசிச் செய்கையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் எதிராக்கிக்கொண்டு வா என்று தலைகீழ் விதியும் கொடுத்தார். போன வழி நிச்சயமாக இருந்தால்தான் திரும்பி வரும் வழி இருக்கும்.

தமிழில் இதைச் சொல்லும்போது குழப்பத்துக்கு இடமே இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். பெருக்கி, கூட்டி, வகுத்து, மீதியை எடு என்றால் வாக்கியமே கையைப் பிடித்து அழைத்துப்போகும். குறி வைத்து எழுதும்போது அந்தக் கை விடுபட்டுவிடுகிறது.

ஆனால் வாய்க்கணக்கிலும் ஓரிடத்தில் வழுக்கும், அது பின்னத்தில். உப்பளத்தில் 120 மூட்டை விளைந்தது, பாதி ஒருவருக்கு, மூன்றில் ஒன்று இன்னொருவருக்கு என்று பேசினால், மூன்றில் ஒன்று எதில்? மொத்தத்தில் என்றால் 60, 40, மிஞ்சுவது 20. மீதியில் என்றால் 60, 20, மிஞ்சுவது 40. இந்தத் தகராறு எவ்வளவு பழையது என்றால், கி.பி. 850ஐ ஒட்டி மகாவீரர் எழுதிய ‘கணித சார சங்கிரகம்’ மீதியில் பங்கு கேட்கும் கணக்குகளைத் தனி இனமாகவே பிரித்து வைத்திருக்கிறது. அதைச் சென்னை அரசுக்காக 1912இல் பதிப்பித்து மொழிபெயர்த்தவர் எம். ரங்காசாரியர். 1150இல் பாஸ்கரரின் ‘லீலாவதி’யிலும், ஒரு பின்னத்தோடு அதனுடைய பின்னத்தையே சேர்ப்பது தனி வகை. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. அரையும் அந்த அரையில் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு. ‘அந்த’ என்ற சுட்டுக்கு அங்கே பணமதிப்பு உண்டு.

போட்மாஸில் நடுவில் இருந்த ‘ஓ’ எழுத்துக்கும் இதுவே பிறப்பிடம். என் தலைமுறை படித்த புத்தகங்களில் அதற்கு ‘இல்’ என்று பொருள்: நான்கில் பாதி, எட்டில் முக்கால். 12ஐ ‘4இல் ½’ஆல் வகு என்றால் 12 ÷ 2, விடை 6. அதையே 12 ÷ ½ × 4 என்று பெருக்கல் குறி போட்டு இடமிருந்து வலமாகப் போனால் 96. ‘இல்’ என்று சொன்னால் இரண்டு எண்ணும் ஒட்டிக்கொள்கின்றன, குறி போட்டால் பிரிந்துவிடுகின்றன. இப்போதைய பிட்மாஸில் அந்த இடம் அடுக்குக்குப் போய்விட்டது. பாடம் எளிதானது உண்மை. ஆனால் உலகம் முழுவதும் இன்று நடக்கும் சண்டையின் வேர் அந்த ‘இல்’லில்தான் இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பார்க்காமலே வளர்கிறார்கள்.

எழுத்துக் கணக்கிலும் தகராறு வராமல் பார்த்துக்கொண்ட ஒரு முறை எங்கள் தொழிலில் இருந்தது: பத்தி பிரித்து எழுதுவது. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு கும்பினி அரசின் ஏகபோகம். அளவு கரிசை, 400 மரக்கால் ஒரு கரிசை, உப்பில் அதை 120 மணங்கு என்று வைத்தார்கள். உப்பு எடுத்தவருக்குக் கரிசைக்கு இவ்வளவு என்று குடிவாரம். 1888இல் வரி மணங்குக்கு இரண்டரை ரூபாய். அந்தக் கணக்கில் 10 கரிசை உப்புக்கு 3,000 ரூபாய் வரி. கரிசைக்கு ஒரு பத்தி, மணங்குக்கு ஒரு பத்தி, வரிக்கு ஒரு பத்தி. ஒரு பத்தியில் ஒரு செய்கை மட்டும்.

அப்பாவின் நோட்டும் அந்த வாரிசுதான். பெயர், மூட்டை, கூலி, பழைய பாக்கி, முன்பணம், கைக்கு. அம்பாரத்துப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து பட்டுவாடா நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்தான் அதிகம், ஆனால் கணக்கைக் காதால் பிடிப்பார்கள். அப்பா அவசரத்தில் மொத்தத்தை மட்டும் சொன்னால், “மூட்டைக் கூலிய தனியா சொல்லுங்கய்யா, அப்புறம் பழச சேருங்க” என்று ஒரு அக்கா நிறுத்துவார். அவர் கேட்டது அடைப்புக்குறி. பிற்காலத்தில் மேசைக் கால்குலேட்டர் வந்தபோது அதன் அவசியம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பழைய பாக்கி 200, இன்றைக்கு 40 மூட்டை, மூட்டைக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் 200 + 40 × 12 என்று வரிசையாக அழுத்தினால் 2880 காட்டும். கைபேசியில் அதையே அழுத்தினால் 680. கால்குலேட்டர் ஒவ்வொரு பொத்தானுக்கும் அங்கங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டே போகிறது, கைபேசி முழு வரியையும் பார்த்துப் பெருக்கலை முதலில் எடுக்கிறது. கூலி வாங்க வேண்டியவருக்கு 680 ரூபாய்தான் என்பது இரண்டு இயந்திரத்துக்கும் தெரியாது.

அப்படியானால் இந்தக் குறிகள் எப்போது ஒரே வரியில் வந்து சேர்ந்தன? ஒன்றாக வரவில்லை, வெவ்வேறு ஊரிலிருந்து வெவ்வேறு காலத்தில் வந்தன. கூட்டல், கழித்தல் குறிகள் 1489இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் விட்மன் அச்சிட்ட வணிகக் கணக்குப் புத்தகத்தில். சமக்குறி 1557இல் ராபர்ட் ரெகார்ட். பெருக்கல் குறுக்குக்கோடு 1631இல் ஆட்ரெட். கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளி வைத்த வகுத்தல் குறி 1659இல் சுவிட்சர்லாந்தின் யோகான் ரான். அவரவர் தேவைக்கு அவரவர் குறி. எல்லாம் ஒரு வரியில் கூடினால் யார் முதலில் என்று உட்கார்ந்து பேசி முடித்த சபை ஒன்றும் இல்லை. பெருக்கல் முதலில் என்பது மட்டும் இயற்கணிதத்தில் தானாகவே ஊன்றிவிட்டது. அங்கே பெருக்க வேண்டியவற்றை இடைவெளியில்லாமல் ஒட்டி எழுதினார்கள்; கண்ணுக்கு ஒட்டித் தெரிவதை யாரும் முதலில் பிரிக்கமாட்டார்கள். பள்ளிப் புத்தகங்கள் பெருகிய பிறகுதான் அதை விதியாக அச்சிடும் தேவை வந்தது. அச்சான விதிகளும் ஒத்துப்போகவில்லை. 1917இல் லென்ஸ் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டினார்: புத்தகத்து விதி இடமிருந்து வலம் என்கிறது, ஆனால் ஒட்டி எழுதிய இயற்கணிதத்தை வகுக்கும்போது அந்த விதியை எழுதியவர்களே பின்பற்றுவதில்லை. 1928இல் கணிதக் குறிகளின் வரலாற்றை வெளியிடத் தொடங்கிய கஜோரியும், வகுத்தலும் பெருக்கலும் அடுத்தடுத்து வந்தால் எது முன் என்பதில் ஒற்றுமை இல்லை என்றே பதிவுசெய்தார்.

2019இல் உலகமே சண்டையிட்ட 8 ÷ 2(2+2) அந்தப் பழைய பிளவின் மேல்தான் நிற்கிறது. இடமிருந்து வலம் என்பவருக்கு 16. 2 என்பது அடைப்புக்குறியோடு ஒட்டியிருக்கிறதே, அது நம் ‘இல்’லைப் போல ஒன்று என்பவருக்கு 1. விஞ்ஞானக் கால்குலேட்டர்களிலும் சில மாடல் ஒரு விடையும் சில மாடல் மற்ற விடையும் காட்டும். இயற்பியல் இதழ்களில் ஒரே வரியில் சாய்கோடு போட்டு எழுதும்போது பெருக்கல் முதலில் என்று வைத்திருப்பவை உண்டு. அந்தக் கட்டுரைகளை எழுதுகிறவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தானே.

இந்த வரியை வகுப்புக்குக் கொண்டுவந்தால் நான் விடை கேட்பதில்லை, கதை கேட்பேன். ஒரு பெண் எழுதினாள்: இரண்டு படி உப்பு எட்டு ரூபாய், அம்மா இரண்டு படி வாங்கினாள், பாட்டி இரண்டு படி வாங்கினாள், மொத்தம் எவ்வளவு? அது 16. இன்னொரு பையன்: எட்டுப் படி உப்பு, இரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை, தலைக்கு எவ்வளவு? அது 1. இரண்டு கதையும் நேர்த்தியானவை, இரண்டையும் அந்த ஒரே வரிக்குள் திணிக்க முடிகிறது. தப்பு கதையில் இல்லை, வரியில் இருக்கிறது. முதல் கதையை (8 ÷ 2) × (2 + 2) என்றும் இரண்டாவதை 8 ÷ (2 × (2 + 2)) என்றும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அளவுகளுக்கும் குறிகளுக்குமான சர்வதேசத் தரவிதியே ரானின் வகுத்தல் குறியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்கிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் அந்தக் குறி வெகுகாலம் கழித்தலுக்கு வழங்கியிருக்கிறது என்பதைக் கேட்டால், ஏன் வேண்டாம் என்பது இன்னும் நன்றாக விளங்கும்.

பாடநூல் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஆறாம் வகுப்பில் பிட்மாஸ் வரும் பக்கத்தை எடுக்க வேண்டாம். அதே பக்கத்தில் கணக்கதிகாரத்துப் பலாப்பழத்தையும் சேருங்கள். பண்ருட்டிப் பலா தெருவுக்கு வரும் மாதத்தில் ஆசிரியர் ஒரு பழம் கொண்டுவந்து முள்ளை எண்ணவிடட்டும். ஒரு வரிசை முதலில் பெருக்கட்டும், இன்னொரு வரிசை முதலில் வகுத்து மிச்சத்தை விட்டுவிடட்டும். இரண்டு எண்ணும் ஏன் வேறுபட்டன என்பதைப் பிள்ளைகளே நோட்டில் நான்கு வரி எழுதட்டும். அதற்குப் பிறகு பழத்தைப் பிளந்து எண்ணிக்கொள்ளலாம்.